கண்டி பாஸ்போர்ட்டில் ஒரு சதுர ஓட்டை

அந்தமானில் எங்கள் டெய்ரி ஃபார்ம் சரிவில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் மோட்டார் சைக்கிள் நின்றால், அது கிளம்புவதற்குள் மேல்வரிசைக் கடைசி வீடுவரை விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும். அன்று முனியாண்டி வீட்டு முன்னால் அது முக்கால் மணி நேரம் நின்றது. மனுஷன் கொப்பரைக் கிட்டங்கியில் கைவைத்துவிட்டார் என்று ஒரு கட்சியும், மகள் தமிழரசி ஹேவ்லாக் ஹோட்டலில் யாரையோ ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள் என்று இன்னொரு கட்சியுமாகத் தெரு இரண்டாகப் பிரிந்தது. பக்கத்து வீட்டு நீலாவதி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மழைக்குக் காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுப்பதும் அதே கொடியில் திரும்பப் போடுவதுமாக நின்று, எல்லாவற்றையும் தன் காதாலேயே கேட்டுவிட்டாள். அவள் சொன்னால் அது மாறாது. கொஞ்சம் வளரும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். தமிழரசிக்கு இலங்கையில் வேலை கிடைத்திருந்தது. மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று திருகோணமலைக் கடற்கரையில் ஹோட்டல் திறக்கிறது. இப்போதெல்லாம் நம் ஜனங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் பக்கம் இறங்கிவிடுகிறார்கள். போனை நீட்டி நம் ஊர்ப் பணத்திலேயே அங்கே சோறு வாங்கித் தின்கிறார்கள். இரண்டு சர்க்காரும் அந்த அளவுக்குக் கொடுக்கல் வாங்கலாகிவிட்டார்கள். அந்த ஜனங்களை வரவேற்கத் தமிழும் ஹிந்தியும் இங்கிலீஷும் ஒரே வாயில் வருகிற ஆள் வேண்டும். அந்தமானில் பிறந்த பிள்ளைக்கு அது தனியாகப் படிக்கிற வித்தையா? ஆகஸ்டு முதல் தேதி சேர வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு வெரிஃபிகேஷன் வேண்டும். வந்திருந்தவர் ஹெட் கான்ஸ்டபிள் செந்தமிழன். பெயர்தான் அப்படி, வாயைத் திறந்தால் பாதிக்குப் பாதி ஹிந்தி.

"உங்க ஜனம், பொறந்தது, எங்கப்பா?" என்று முனியாண்டியைக் கேட்டார்.

"ஹட்டன்ல பொறந்தேங்க."

"ஹட்டனா? அது எந்த ஐலண்டு?"

"அது பெரிய ஐலண்டுங்க. சிலோன்."

செந்தமிழன் பேனாவை மூடிவிட்டார். முனியாண்டியின் மனைவி அங்கம்மா தேத்தண்ணியை நீட்டினாள். பால் கிடையாது, தேயிலைத் தோட்டத்துப் பழக்கம், வெறும் சாயத் தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் முழித்தார்.

"நக்கிக்கிட்டே குடிங்க சாப்," என்றாள் அங்கம்மா.

"இருக்கட்டும்மா. சுனோ, எண்பத்தேழுக்கு அப்பால பொறந்த புள்ளைங்களுக்கு ஒரு ரூல் இருக்கு. மா, பாப், ரெண்டு பேர்ல ஒருத்தராவது இண்டியன்னு காகஸ் காட்டணும். இவ தொண்ணூத்தொம்பது."

"ஆதார் இருக்கு, வோட்டர் கார்டு இருக்கு, ஐலண்டர் கார்டு இருக்கு," முனியாண்டி விரலை மடக்கினார். "கச்சால் தீவுல அரசாங்க ரப்பர் தோட்டத்துல முப்பது வருசம் பால் வெட்டியிருக்கேன். எத்தன எலெக்சன்ல ஓட்டுப் போட்டிருக்கேன் தெரியுமா?"

"போட்டிருப்பீங்க. ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி நீங்க எந்த நாட்டாளுன்னு கேக்கறாங்க. சிலோன்லேருந்து வர்றப்ப ஒரு இண்டியன் பாஸ்போர்ட் குடுத்திருப்பாங்களே, உதர் கண்டியில? அது இருந்தா பஸ். வேற ஒண்ணும் வேணாம்."

அந்தக் கேள்விக்கு முனியாண்டி கூரையைப் பார்த்தார். அங்கம்மாவோ முகம் மலர்ந்து டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனாள். அவள் குடும்பத்துக் காகிதங்கள் அவளுடைய அண்ணனிடம் இருந்தன. கச்சால் கரையோரம் அண்ணன் வீடு. சுனாமியில் அண்ணனும் போனார், காகிதமும் போனது, ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்து ஆபீசும் அதன் ஃபைல்களும் போயின. முனியாண்டி மேட்டு லைன் வீட்டில் குடியிருந்ததால் டிரங்குப் பெட்டி மட்டும் தப்பி, பிறகு அவர்களோடு இந்தச் சரிவுக்கு வந்தது. அதற்குள் மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய கண்டி பாஸ்போர்ட்.

செந்தமிழன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பிரித்தார். முனியாண்டியின் அம்மா ரெங்கம்மா பெயரில் கொடுத்தது. உள்ளே பிள்ளைகளின் பெயர்கள் இரண்டு. முதல் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது, இரண்டாவது முனியாண்டி. எல்லாம் சரி. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டையின் ஓரத்தில் ஊதா மையில் அரை வட்ட முத்திரை, கடித்து வைத்த அப்பளம் மாதிரி.

"போட்டோ கித்தர் கயா?"

"கரப்பான் அரிச்சிருச்சுங்க," என்றார் முனியாண்டி. வேகமாகச் சொன்னார்.

செந்தமிழன் ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். "நான் பாத்தேன், நீங்க காட்டுனீங்க. ஆனா இத வச்சு நான் ஓகே எழுத முடியாது. மேல மேடம் இருக்காங்க, பதினஞ்சு நாள் டைம் தர்றேன், போட்டோவோட போய்ப் பாருங்க." போகும்போது சீனியைப் பக்குவமாக ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் டெலானிபூர் ஏற்றத்தில் மறைந்த பிறகு அங்கம்மா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏங்க, கரப்பான் ஸ்கேல் வச்சா அரிச்சிச்சு?"

முனியாண்டி ஜன்னல் விளிம்பிலிருந்த சீனியைக் கையால் கூட்டினார்.

"நாலு மூலையும் நேரா இருக்கு. இது கத்தி. நீங்க பால் வெட்டுற கத்தி. முப்பது வருசமா அந்த வெட்டப் பாத்தவ நான்."

"ஆமா," என்றார். "நாந்தான்."

நடந்தது தொண்ணூற்றாறில். ரெங்கம்மா கச்சாலில் செத்துப்போனாள். இலங்கையில் தங்கிவிட்ட மூத்த மகள் சொர்ணம்மாவுக்குச் சாவுச் செய்தி போய்ச் சேரவே ஒன்றரை மாதம். அவள் வர வழியில்லை. எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து ஒரு கடிதம் போட்டாள்: காரியம் செய்ய முகம் வேண்டும், அம்மா படம் ஒன்று அனுப்பு. கச்சாலில் ஏது ஸ்டுடியோ? ரெங்கம்மா ஆயுசில் எடுத்த படமே ஒன்றுதான், அது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது. நாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாயிற்றே, இனி இந்தக் காகிதம் எதற்கு என்று முனியாண்டி நினைத்தார். யாருக்கும் சொல்லாமல் கத்தியைத் தீட்டினார். மரத்துக்கு நோகாமல் பட்டையை மட்டும் எடுக்கிற கை அது. படத்தை ஒரு பிசிறில்லாமல் எடுத்துக் கவரில் வைத்துவிட்டார். அந்தப் படத்தில் அம்மா மடிக்குப் பக்கத்தில் ஆறு வயதுப் பையனாக அவரும் நின்றிருந்தார். தன்னையும் சேர்த்துத்தான் வெட்டி அனுப்புகிறோம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

"அப்ப அது அத்தைகிட்ட இருக்கு," தமிழரசி எழுந்து போனை எடுத்தாள். "சிம்பிள். கேட்டு வாங்கிடலாம். குரியர்ல பத்து நாள்."

"நீ பேசாத," என்றார் முனியாண்டி.

"ஏன்?"

ஏன் என்று அங்கம்மாவுக்குத் தெரியும். நீலாவதிக்கும் தெரியும், சுவர் அப்படி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இலங்கை திவாலாகி மூட்டை கட்டின சமயம், பால்மா இல்லை, கேஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு இரண்டு நாள் வரிசை. சொர்ணம்மா போன் போட்டு, என் பேரன் கோகுலுக்கு உன் தீவில் ஒரு இடம் பார், கூலி வேலை என்றாலும் செய்வான் என்று கேட்டாள். பேப்பர் இல்லாமல் இங்கே வந்தால் ஜெயிலில் போடுவார்கள் அக்கா, எங்களையும் சேர்த்து இழுப்பார்கள் என்று முனியாண்டி சொன்னார். பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் நாலு தடவை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. அந்தப் பையன் தலைமன்னாரில் படகு ஏறித் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கினான் என்பதும், மண்டபம் அகதி கேம்ப்பில் இருக்கிறான் என்பதும் ஊர்வழியாக வந்த செய்திகள்.

இரண்டு நாள் முனியாண்டி போனைத் தொடவில்லை. கிட்டங்கியில் வேலை இருந்தது; வேலை இருந்ததாகக் காட்டிக்கொண்டார். ஜூன் மழையில் கொப்பரை காயாது. கீழே மட்டையும் சிரட்டையும் போட்டுப் புகைமூட்ட வேண்டும், ஒரு கண் விட்டால் கருகும், இரண்டு கண்ணும் வைத்தால் எரியும். முதலாளி உதயசூரியன் பரமக்குடிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து இந்தோனேசியாக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"அவன் காய் வந்து எறங்குனா நம்ம காய எவன் கேப்பான் முனியாண்டி? அக்கம்பக்கத்து நாடெல்லாம் ஒண்ணுமண்ணாப் போகணுமாம். சாமான் மட்டும் ஜல்தி ஜல்தி வந்துருது. மனுசன் போகணும்னா நூத்தெட்டு காகஸ்."

"ஆமாங்க," என்றார் முனியாண்டி, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அங்கம்மா ரொட்டி தட்டினாள், தேங்காய் சம்பல் இடித்தாள், அவர் தட்டில் வைப்பதற்கு முன்னால் போனை வைத்தாள். "பேசுங்க. பேசிட்டு சாப்புடலாம்."

மணி அடித்த மாத்திரத்தில் சொர்ணம்மா எடுத்தாள். திரையில் அவள் நெற்றியும் தோட்டத்து லயத்து வீட்டின் தகரக் கூரையும் மட்டும் தெரிந்தன.

"யாரு?"

"நாந்தாங்க்கா. முனியாண்டி."

"எந்த முனியாண்டி? எனக்கு ஒரு தம்பி இருந்தான், அவன் போனு மூணு வருசமா ரிப்பேரு."

"அக்கா, ஏசுறதுன்னா ஏசிடு."

"ஏசுறதுக்கு இங்க கரண்டு காசு கட்டணும். விசயத்தச் சொல்லு."

அவர் சொன்னார். போலீஸ், எண்பத்தேழு, ஓட்டை, ஆகஸ்டு முதல் தேதி எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் சொன்னார். சொர்ணம்மா குறுக்கே பேசவில்லை. அது அவருக்கு ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு எம் பேரனுக்குப் பேப்பர் இல்லன்ன," என்றாள் கடைசியில். "இன்னைக்கு உனக்கே பேப்பர் இல்ல."

"ஆமா."

"ஒத்துக்கிற. சரி. ஆனா படம் எங்கிட்ட இல்ல தம்பி."

அங்கம்மாவின் கையிலிருந்த அகப்பை நின்றது. நீலாவதி வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தது.

"கோகுலு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. படகுல ஏறுறப்ப பொலித்தீன்ல சுத்தி நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டான். அதுல இந்தியாக்காரன் சீல் இருக்குல்ல, எங்க பூட்டியும் பாட்டியும் இந்தியா பாஸ்போட்டுல இருந்தவங்கன்னு காட்டுனா உள்ள விட்டுருவாங்கன்னு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க. காட்டியிருக்கான். அரச் சீல வச்சு என்னா செய்ய, மத்தப் பாதி எங்கன்னு கேட்டாங்களாம். அந்தப் பாதி ஒம் பொட்டியில கெடந்திருக்கு. நீ போன எடுத்திருந்தா அவனும் கேட்டிருப்பான்."

முனியாண்டி ரொட்டியைப் பார்த்தார். அது ஆறிக்கொண்டிருந்தது.

"நம்பர் அனுப்புறேன்," என்றாள் சொர்ணம்மா. "அவங்கிட்ட நீயே கேளு. தரச் சொல்லி நான் சொல்ல மாட்டேன், தராதன்னும் சொல்ல மாட்டேன்."

கோகுலுக்கு வயது இருபத்து மூன்று. போனில் அவனுக்குப் பின்னால் குழாயடிச் சத்தம் கேட்டது. அவன் பழைய கணக்கு எதையும் எடுக்கவில்லை. அதற்கு அவனிடம் நேரமில்லை. பெயிண்ட் வேலைக்கு வெளியே போய்விட்டு, பெயர் கூப்பிடுகிற நேரத்துக்குள் கேம்ப்புக்குத் திரும்பியிருந்தான்.

"எனக்கு அது வேல செய்யல தாத்தா. நான் இங்க இலங்க அகதி. நீங்க அந்தக் காலத்துல வந்தப்பவும் இதே மண்டபத்துலதான் எறக்குனாங்களாமே. நீங்க தாயகம் திரும்புனவங்க. எடம் ஒண்ணுதான், ரிஜிஸ்டரு வேற." சிரித்தான். "நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்ல போட்டுர்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"ஒட்டுனதுக்கப்பறம் அந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்து அனுப்புவீங்களா? அரச் சீலத்தான காமிச்சேன். முழுசாக் காமிச்சா என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்."

"அனுப்புறேன்," என்றார் முனியாண்டி.

போனை வைத்ததும் அங்கம்மா சொன்னாள்: "வாய்ல சொன்னீங்க, அதோட விடுங்க. மேடம் எதுத்தாப்புல சிலோன் அகதி, மண்டபம் கேம்ப்புன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா ஃபைல் அப்படியே பந்த். படம் பொட்டியிலதான் இருந்துச்சு, சாமி படத்துக்குப் பின்னால சொருகியிருந்துச்சு. அவ்வளவுதான். புள்ள வேலைய நெனச்சுக்குங்க."

"அம்மா சொல்றது சரிதான்ப்பா," என்றாள் தமிழரசி. கொஞ்ச நேரம் கழித்து, "சரின்னுதான் நினைக்கிறேன்," என்றாள்.

ஸ்பீட் போஸ்ட் ஒன்பது நாளில் வந்தது. இந்தத் தெருவில் அந்தக் கவரைத் தொட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. படம் ஒரு தீப்பெட்டி அகலம். நாற்காலியில் ரெங்கம்மா. இடப்பக்கம் கால்சட்டை நழுவுகிற பையன். வலப்பக்கம் பதினைந்து வயதுப் பெண், பாவாடை தாவணியில், கேமராவை நம்பாமல் பார்த்தபடி. நீலாவதி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பையனைவிடப் பொண்ணுதான் லட்சணம்," என்று தீர்ப்புச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

மறுநாள் மூவரும் மேடத்தின் ஆபீசுக்குப் போனார்கள். மழை பெய்து ஓய்ந்து, துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்துகொண்டிருந்தது. முனியாண்டி கிட்டங்கிப் புகைவாசம் போகச் சட்டையை இரண்டு தடவை துவைக்க வைத்திருந்தார்; வாசம் போகவில்லை. மேடம் நடுத்தர வயது. எதையும் அவசரமாகச் செய்கிறவளாகத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டைப் பிரித்தாள், படத்தை எடுத்து ஓட்டைக்குள் இறக்கினாள். நகத்தால் லேசாகத் தட்டினாள். படம் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த ஊதா அரைவட்டமும் படத்தில் இருந்த ஊதா அரைவட்டமும் சேர்ந்து ஒரு முழு வட்டம் ஆயிற்று. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு எழுத்து விலகவில்லை.

மேடம் படத்திலிருந்த தலைகளை எண்ணினாள். பிறகு பெயர்களை எண்ணினாள்.

"இங்கே பிள்ளை ஒன்றுதான் இருக்கிறது. படத்தில் இரண்டு," என்றாள் ஹிந்தியில்.

"இன்னொரு பேரு அடிச்சிருக்கு மேடம். என் அக்கா. படம் எடுத்தப்ப அவளும் வர்றதா இருந்துச்சு. பேப்பர் வர நாலு வருசம் ஆச்சு. அதுக்குள்ள அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ள வீட்டுக்காரங்க சிலோன் பிரஜையாவே இருந்துக்கறோம்னு எழுதிக் குடுத்தவங்க. அதனால கண்டியில பேர வெட்டிட்டாங்க." முனியாண்டியின் ஹிந்தி கச்சால் ஹிந்தி, நிக்கோபாரிகளோடும் ராஞ்சிக்காரர்களோடும் பேசிப் படித்தது. மேடத்துக்குப் புரிந்தது.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தாள். "முத்திரை உங்கள் மேலே விழவில்லை, உங்கள் அம்மா மேலேயும் விழவில்லை. அக்காவின் தோள்மேல் விழுந்திருக்கிறது." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். "இந்தப் படம் இத்தனை நாள் யாரிடம் இருந்தது?"

மேஜைக்குக் கீழே அங்கம்மா அவர் தொடையில் கிள்ளினாள். சாமி படம், சாமி படம் என்று அந்தக் கிள்ளல் சொன்னது.

முனியாண்டி தொண்டையைச் செருமினார். "அக்காகிட்ட இருந்துச்சு மேடம். நாந்தான் வெட்டி அனுப்புனேன், அம்மா காரியத்துக்கு. அப்பறம் அக்கா பேரங்கிட்ட இருந்துச்சு. அவன் மண்டபம் கேம்ப்புல இருக்கான். அகதியா."

கிள்ளல் நின்றுவிட்டது. அங்கம்மா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தமிழரசி தரையைப் பார்த்தாள்.

மேடம் பேனாவைத் திறந்தாள்.

"நான் கேட்டது இந்தப் படத்தைப் பற்றி," என்றாள். "உறவினர் வசம் இருந்தது. அதை எழுதிக்கொள்கிறேன். கேம்ப் இந்த ஃபைலில் இல்லை." எழுதினாள். பின்னால் ஒரு தாள் கொடுத்துப் பசையால் படத்தை ஒட்டினாள், அதன்மேல் தன் கையெழுத்தை ஓரமாகப் போட்டாள். "இனி இதை யாரும் வெட்டக் கூடாது. பாஸ்போர்ட் வீட்டுக்கு வரும்."

தமிழரசி முதலில் எழுந்தாள். அங்கம்மா எழுந்தாள். முனியாண்டி எழவில்லை.

"மேடம், இந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்துக்கவா? அந்தப் பையன் கேட்டான்."

"காப்பி எதையும் நிரூபிக்காது. அவன் பெயர் இதில் எங்கேயும் இல்லை. அவன் பாட்டி பெயர் இருந்தது, அதையும் அடித்துவிட்டார்கள்."

"தெரியும் மேடம். கேட்டான்."

"உங்கள் பாஸ்போர்ட். நீங்கள் காப்பி எடுப்பதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை," என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஃபைலை இழுத்தாள்.

வெளியே வந்ததும் முனியாண்டி அக்காவுக்குப் போன் போட்டார். முத்திரை விழுந்த இடத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக் கூச்சல் கேட்டது. எழுபது வயதிலும் அவள் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"எந் தோள்லயா?" என்றாள் சொர்ணம்மா. "பேர வெட்டுனவனுங்க தோள மறந்துட்டானுங்க. சரி, புள்ள வரட்டும். திருகோணமலையில எறங்குனா எனக்குச் சொல்லச் சொல்லு, லீவு நாள்ல பஸ் ஏறி வந்துறணும். படம்?"

"ஒட்டிட்டாங்கக்கா. இனிமே எடுக்க முடியாது."

"அப்ப எனக்கும் ஒரு காப்பி," என்றாள். வைத்துவிட்டாள்.

ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பாஸ்போர்ட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, "எத்தனை?" என்றார்.

முனியாண்டி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வீட்டுக்குப் போனால் இதற்கு ஒரு வாரம் பேசுவாள் என்று அவருக்குத் தெரியும். நீலாவதியும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு," என்றார் தயங்கி. "ப்ளாக் அண்ட் ஒயிட்."

"கலர்ல எடுங்க பாய்சாப்," என்றாள் அங்கம்மா கடைக்காரரிடம். "அஞ்சு எடுங்க. கறுப்பு வெள்ளையில சீல் தெரியாது."